பீட்டுக்கு எவ்வளவு, ப்ரோ?

இந்தக் கேள்வி வாட்ஸப்ல வந்தா நான் உடனே விலை சொல்றதில்லை. "எதுக்கு எவ்வளவு?"ன்னு திருப்பிக் கேப்பேன். எதிர்ல இருக்கிற பையனுக்குச் சுர்ருன்னு கோவம் வரும். பீட் வாங்க வந்தவன்கிட்ட வக்கீல் மாதிரி பேசினா வராதா பின்ன? ஆனா அந்த ஒத்தைக் கேள்விக்குள்ள நாலு கேள்வி உக்காந்திருக்கு. உழைப்புக்கு எவ்வளவு? பாட்டுல எனக்கு என்ன பங்கு? பாட்டு யார் அக்கவுண்ட்ல ஏறப் போகுது? வர்ற பணத்துக்கு யார் கணக்கு காட்டப் போறாங்க? முதல் கேள்விக்கு ஜிபேல ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடும். மத்த மூணும் பாட்டு ஓடிட்டா மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருப்பாங்க.

நான் இருக்கிறது கலசப்பாக்கம். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல, செய்யாத்தங்கரை. ஆரணி பக்கம்னு சொன்னாதான் வெளியூர்க்காரங்களுக்கு பிடிபடும், எல்லாம் பட்டுப்புடவை புண்ணியம். ஒரு லேப்டாப், எஃப்எல் ஸ்டுடியோ, ஒரு ஹெட்போன், சின்னதா ஒரு ஆடியோ இண்டர்ஃபேஸ். வேலை ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான், பஸ் ஹாரன் அடங்கினப்புறம். "உங்க ஊர்ல ராப் பாட யாருப்பா இருக்காங்க?"ன்னு சென்னை நண்பர்கள் கேப்பாங்க. திருவண்ணாமலை காலேஜ் பசங்க, செங்கத்துல மொபைல் கடை வச்சிருக்கிறவன், ஆரணியில தறிச் சத்தத்துக்கு நடுவுல வரி எழுதறவன்னு ஒரு கும்பலே இருக்கு. மலேசியாவுல யோகி பி 2006ல 'வல்லவன்' ஆல்பம் போட்டப்ப இவனுங்கள்ல பாதிப் பேர் கைக்குழந்தை. அதுக்கப்புறம் ஹிப்ஹாப் தமிழா வந்தாங்க, அப்புறம் அறிவு வந்தார். அறிவுக்கு ஊர் அரக்கோணம். பழைய வட ஆற்காடு கணக்குப்படி எங்களுக்கு ஒரே மாவட்டம்தான், அதனால இங்க அவர் பேரைச் சொன்னா ஒரு தனி உரிமை.

பணம் எப்படிக் கை மாறுதுன்னா, எங்க பக்கம் பெரும்பாலும் மொத்தமா ஒரு தொகை. பீட் இந்தா, காசு இந்தா, வேலை முடிஞ்சுது. பையன் ரொம்பத் தெரிஞ்சவனா இருந்தா அதுவும் இல்ல, "பேர் போடறேன் ப்ரோ"தான். கொஞ்சம் விவரமானவன்னா "ஃபிஃப்டி ஃபிஃப்டி வச்சுக்கலாம்"னு சொல்வான். எதுல ஃபிஃப்டின்னு கேட்டா முழிப்பான். அவன் மேல தப்பில்ல. யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கல.

மொத்தத் தொகைக்கு பீட் குடுக்கிறது எனக்கு ரொம்பப் பழகின ஒரு ஏற்பாடு. எங்க சொந்தத்துல ஆரணியிலயும் தேவிகாபுரத்துலயும் தறி வச்சிருக்கிறவங்க உண்டு. கூலி நெசவுன்னா முதலாளி பாவு குடுப்பார், ஊடை குடுப்பார், ஜரிகை குடுப்பார். தறியும் வீட்டாள் உழைப்பும் நெசவாளியோடது. புடவைக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தப் புடவை தி.நகர் ஷோரூம்ல என்ன விலைக்குப் போனாலும் கூலி அதேதான், போகாம அலமாரியில தூங்கினாலும் கூலி அதேதான். இந்த ரெண்டாவது பாதியைக் கூலி நெசவைத் திட்டறவங்க மறந்துடறாங்க. விக்காத புடவையோட நஷ்டம் நெசவாளி தலையில விழாது. மொத்தத் தொகைக்கு பீட் விக்கிறவனுக்கும் அந்த ஒரு நிம்மதி உண்டு. அதனால "கைமேல காசு வாங்கறவன் ஏமாளி"ன்னு சொல்ற ஆளு நான் இல்ல. ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு விதி: பன்னிரண்டு மாசத்துல 1,000 தடவையாவது கேக்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு வருமானம் கிடையாது. எங்க பக்கத்துப் பாட்டுங்க பலது அந்தக் கோட்டைத் தொடறதில்ல. பூஜ்யத்துல ஐம்பது சதவீதம் வாங்கறதுக்கு இன்னிக்கு ஐயாயிரம் வாங்கறது மேல்.

ஆனா தறிக்கதையில முன்பணம்னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் நல்ல பாடம். முதலாளி நெசவாளிக்கு ஒரு தொகை முன்னாடியே குடுத்து வைப்பார், கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ. வட்டி கிடையாது. ஆனா வேற முதலாளிகிட்ட போகணும்னா அதைக் கட்டிட்டுத்தான் போகணும். அதனால பல பேர் போறதில்ல. இசைக் கம்பெனிங்க குடுக்கிற அட்வான்ஸ் வேற ரகம். அது ராயல்டியில இருந்து முதல்ல கழிச்சுக்கப்படும், கழிஞ்சு தீர்ற வரைக்கும் உன் பங்குன்னு கையில ஒண்ணும் வராது. வீடியோ செலவு, விளம்பரச் செலவு எல்லாத்தையும் அந்தக் கழிவுல சேத்து ஒப்பந்தம் எழுதியிருந்தா, கழிச்சுக்கிட்டே இருக்கலாம். பங்கு பேப்பர்ல பத்திரமா இருக்கும்.

இங்கதான் 'எஞ்சாய் எஞ்சாமி' கதைக்கு வர்றேன். தமிழ்ல ராப், பீட், பணம் மூணையும் சேத்துப் பேசணும்னா இதைத் தாண்டிப் போக முடியாது.

2021 மார்ச்ல வந்துச்சு. பாடினது தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜா', ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவோட தொடங்கின, தனி இசைக் கலைஞர்களுக்குன்னு சொன்ன நிறுவனம். யூடியூப்ல 40 கோடிப் பார்வையைத் தாண்டிப் போச்சு. அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச கதைதான் அந்தப் பாட்டுக்கு விதை.

முதல் சண்டை பேருக்காக வந்துச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்ல. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையா கேள்வி கேட்டார். அடுத்து 2022 ஜூலை 28, சென்னையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டை மேடையில பாடினாங்க, அறிவு இல்லாம. ரெண்டு மூணு நாள்ல அறிவு ஒரு பதிவு போட்டார். இசையமைச்சது, எழுதினது, பாடினது, நடிச்சது எல்லாம் தான்தான்னும், மெட்டோ ஒரு சொல்லோ தனக்கு யாரும் குடுக்கலைன்னும் அதுல இருந்துச்சு. பதிலுக்கு சந்தோஷ் நாராயணன் பாட்டு உருவான விதத்தைத் தன் பக்கத்துல இருந்து எழுதினார். வருமானமும் உரிமையும் மூணு பேருக்கும் சமம்னும் சொன்னார். யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்ல, அந்த ரூம்ல நான் இருக்கல.

அப்புறம் 2024 மார்ச்ல, பாட்டுக்கு மூணு வயசு முடியற நேரத்துல, சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவுல வந்து சொன்னார்: இத்தனை வருஷத்துல அந்தப் பாட்டுல இருந்து எங்க யாருக்கும் ஒரு பைசா வரலை. ரஹ்மானுக்கும் இதுல பாதிப்புதான்னும் சொன்னார். நிறுவனத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்துச்சு. நான் பாக்கறது ஒண்ணுதான். மூணு பேருக்கும் சம பங்குங்கிறது பீட் போடறவன் கனவு காணற ஏற்பாடு. 33 சதவீதம்! அந்த ஏற்பாடு இருந்தும் மூணு வருஷம் கழிச்சு தயாரிப்பாளரே கையை விரிக்கிற நிலைமைன்னா, நம்ம கவனம் சதவீதத்து மேல மட்டும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். பணம் முதல்ல எந்த அக்கவுண்ட்ல விழுது, அங்கிருந்து எத்தனை நாளைக்கு ஒரு தடவை கணக்கு வருது, அந்தக் கணக்கைத் திறந்து பாக்க எனக்கு உரிமை இருக்கா. எங்க ஊர்ப் பசங்க சதவீதத்துக்கு ஒரு வாரம் சண்டை போடறாங்க. பாஸ்வேர்டு யார்கிட்டன்னு ஒருத்தன் கேக்க மாட்டேங்கறான்.

சில விநியோகத் தளங்கள்ல பங்கைப் பாட்டு ஏத்தும்போதே பதிஞ்சுட்டா, பணம் பிரிஞ்சு அவங்கவங்க கணக்குக்கே போயிடும். இதை விட நட்பைக் காப்பாத்தற வசதி வேற இல்ல. நான் பீட் குடுக்கிற எந்த பையன்கிட்டயும் முதல்ல இதைத்தான் கேக்குறேன்: "பணம் நேரா பிரியுமா, இல்ல உன்கிட்ட வந்து நீ அனுப்பணுமா?" அவன் அனுப்பணும்னா, நான் பங்கைக் குறைச்சுக்கிட்டு கையில கொஞ்சம் சேத்து வாங்கிடுவேன். நல்லவனா இருந்தாலும் சரி. நல்லவனுக்கும் மாசக் கடைசின்னு ஒண்ணு வரும்.

இப்ப சட்டம். கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா இதுல நமக்கு சாதகமா நிறைய இருக்கு, ஆனா யாரும் பேசறதில்ல.

நம்ம பதிப்புரிமைச் சட்டம் 1957ல வந்தது, பெரிய திருத்தம் 2012ல. சட்டப்படி ஒரு ராப் பாட்டுல மூணு தனிச் சரக்கு இருக்கு. வரிகள் ஒண்ணு, அது இலக்கியப் படைப்பு. இசை ஒண்ணு. ரெண்டும் சேந்து பதிவான ஒலிப்பதிவு ஒண்ணு. இசைப் படைப்புன்னா என்னன்னு சொல்ற இடத்துல, பாடவோ பேசவோ வச்சிருக்கிற சொற்கள் இதுல சேராதுன்னு சட்டமே வெளிப்படையா எழுதியிருக்கு. இசையமைப்பாளர்னா இசையை உருவாக்கினவர், அதை ஸ்வரமா எழுதி வச்சாரா இல்லையாங்கிறது முக்கியமில்லன்னும் இருக்கு. அப்படின்னா கலசப்பாக்கத்துல மொட்டை மாடி ரூம்ல லேப்டாப்ல பீட் போட்டவன், சட்டத்தோட கண்ணுக்கு இசையமைப்பாளர். ஸ்வரம் எழுதத் தெரியாட்டியும்.

ராப்பர் வெறும் பேச்சு நடையில பாடினா இசை முழுக்க பீட் போட்டவனோடது, வரி முழுக்க ராப்பரோடது, கணக்கு சுலபம். ஆனா இப்ப எவன் வெறுமனே பேசறான்? நடுவுல ஒரு ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வர்ற வரி வருது, அதுக்கு ஒரு மெட்டு. அந்த மெட்டை ராப்பர் பாடிக் கொண்டுவந்திருந்தா இசையிலயும் அவனுக்குப் பங்கு உண்டு. 'எஞ்சாய் எஞ்சாமி' விவகாரத்துல அறிவு மெட்டைப் பத்தி ஏன் அழுத்திச் சொன்னார்னு இப்ப புரியுதா? பேருக்கான சண்டை மாதிரி வெளியில தெரிஞ்சது, உள்ளுக்குள்ள இசைங்கிற பாதியில யாருக்கு எவ்வளவுங்கிற சண்டையும்தான். அதனால ஹூக் யார் போட்டதுன்னு, போட்ட அன்னிக்கே ஒரு வாய்ஸ் நோட்டோட குரூப்ல தேதியோட கிடக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேருக்கும் தாந்தான் போட்டதா ஞாபகம் இருக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டாங்க.

18வது பிரிவுல 2012ல சேத்த ஒரு விஷயம் இருக்கு, அதை நான் பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சிருக்கேன். சினிமாவுல சேராத ஒலிப்பதிவுல உங்க வரியோ இசையோ இருந்தா, உரிமையை வாங்கினவரோட சரிசமமா ராயல்டி பெறுற உரிமையை நீங்க விட்டுக் குடுக்கவே முடியாது. எழுதிக் குடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் மாத்தலாம். சினிமாப் பாட்டுக்கும் தியேட்டர் திரையிடலைத் தவிர மத்த பயன்பாட்டுக்கு இதே மாதிரி பாதுகாப்பு உண்டு. "இனிமே எனக்கும் இந்த பீட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல"ன்னு கையெழுத்து போட்டுட்டு ராத்திரி தூக்கம் வராம புரண்டவங்க இதைப் படிக்கணும். இந்தப் பணத்தை வசூல் பண்ணித் தர்ற அமைப்பு ஐபிஆர்எஸ், 1969ல இருந்து இருக்கு. ஆனா அதுல நீங்க உறுப்பினராகணும், பாட்டைப் பங்கோட பதியணும். பதியாத பாட்டுக்கு பணத்தைத் தூக்கிக்கிட்டு கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல வந்து யாரும் உங்களைத் தேட மாட்டாங்க.

அடுத்தது 19வது பிரிவு. இது ராப்பர்களுக்கு. உரிமை மாத்திக் குடுக்கிறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எவ்வளவு காலம்னு எழுதாம விட்டா ஐந்து வருஷம்தான். எந்த இடத்துக்குன்னு எழுதாம விட்டா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். இப்ப வாட்ஸப்ல "ப்ரோ 3000 போட்டுட்டேன், பீட் இனி நம்மளது"ன்னு முடிச்ச வியாபாரத்தை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. காசு குடுத்த ராப்பர் கையில என்ன இருக்கு? அந்தப் பாட்டுக்குப் பயன்படுத்திக்க அனுமதி இருந்துச்சுன்னு வாதாடலாம், அவ்வளவுதான். பீட் அவனுக்கு சொந்தமாகல. பாட்டு ஓடி, ஒரு பெரிய கம்பெனி வந்து "பேப்பர் எல்லாம் க்ளியரா?"ன்னு கேக்கிற நாள்ல, அவன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். பேப்பர் இல்லாததால பீட் போடறவன்தான் ஏமாறுவான்னு ஒரு பேச்சு இருக்கே, என் அனுபவத்துல அதிகமா மாட்டறது ராப்பர்தான். இதைச் சொன்னா பசங்க நம்பறதில்ல. பேப்பர் கேட்டா "என்ன ப்ரோ, நம்பிக்கை இல்லையா?"ன்னு உதட்டைப் பிதுக்கறாங்க.

லீஸ் கணக்கு வேற. ஒரே பீட்டை நாலு பேருக்கு, அவங்கவங்க பாட்டுக்கு மட்டும்னு குறைஞ்ச விலையில குடுக்கிறது. பீட்ஸ்டார்ஸ் மாதிரி தளங்கள்ல உலகம் பூரா இப்படித்தான் ஓடுது. நெதர்லாந்துல இருந்த யங்கியோங்கிற பையன் போட்ட பீட்டை ராப்பர் லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு எடுத்தார். அதுதான் 'ஓல்ட் டவுன் ரோடு', 2019ல பில்போர்டுல 19 வாரம் முதலிடம். இதுல பலரும் 30 டாலரை மட்டும் ஞாபகம் வச்சுக்கறாங்க. லீஸ்னா பீட் இன்னும் அந்தப் பையனோடதுதான், அதனாலதான் பாட்டு வெடிச்சப்ப கம்பெனி அவனை விட்டுட்டுப் போக முடியல, பேர்லயும் பங்குலயும் அவன் இருந்தான். இன்னொரு கூத்து, அந்தப் பையன் பீட்டுல நைன் இன்ச் நெயில்ஸோட 2008 இசைத்துண்டு ஒண்ணை சாம்பிள் பண்ணியிருந்தான். கடைசியில அந்தக் குழுவோட ட்ரெண்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் எழுதினவங்க வரிசையில வந்து உக்காந்தாங்க.

லீஸுல நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிற கலாட்டா யூடியூப் கன்டென்ட் ஐடி. போன வருஷம் ஒரு பீட்டை போளூர் பையன் ஒருத்தனுக்கும் செங்கத்துப் பையன் ஒருத்தனுக்கும் லீஸுக்குக் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் இது தனி உரிமை இல்லன்னு தெளிவா சொல்லிட்டுத்தான். போளூர் பையன் பாட்டை ஏத்தும்போது தளம் கேட்ட ஒரு கட்டத்துல டிக் போட்டுட்டான், 'என் பாட்டை யாராவது யூடியூப்ல பயன்படுத்தினா கண்டுபிடி'ங்கிற மாதிரி ஒண்ணு. படிக்கல, நல்லதுதானேன்னு போட்டுட்டான். பதினஞ்சு நாள் கழிச்சு செங்கத்தான் பாட்டு வெளிவந்துச்சு. இன்ட்ரோவுல ரெண்டு பாட்டுக்கும் ஒரே பம்பை. மெஷினுக்கு லீஸாவது மண்ணாவது, செங்கத்தான் வீடியோ மேல க்ளெய்ம் விழுந்துச்சு, அவன் வருமானம் போளூர் பக்கம் திரும்புச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன், நான் ஒரே பீட்டை ரெண்டு பேருக்கு வித்து ஏமாத்திட்டேன்னு. அவனைச் சமாதானம் பண்ணலாம்னு என் சானல்ல அந்த பீட்டோட பழைய பதிவைத் திறந்து பாத்தா, அதுலயும் க்ளெய்ம். என் பீட்டுக்கு என் மேலயே. தனி உரிமை உள்ளவங்கதான் அந்த வசதிக்கு தகுதின்னு யூடியூப் விதியிலயே இருக்கு. போளூர் பையன் மறுநாளே க்ளெய்மை எடுத்துட்டான், பாவம், விவரம் தெரியாம செஞ்சது. இப்ப லீஸ் குடுக்கும்போது முதல் வரியே "கன்டென்ட் ஐடியில போடக் கூடாது"தான்.

சாம்பிள் பத்தி ஒரு வார்த்தை மட்டும். ராஜா பாட்டுல ரெண்டு செகண்ட் வயலின் எடுத்து பிட்ச் மாத்தி லூப் போட்டா யாருக்குத் தெரியும்னு கேக்குறாங்க. யோகி பி 'நிழல்கள்' படப் பாட்டை வச்சுப் பண்ணலையான்னும் கேக்குறாங்க. 2024ல 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கே இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பின காலத்துல இருக்கோம். இசைக்கு ஒருத்தர்கிட்ட, ஒலிப்பதிவுக்கு இன்னொருத்தர்கிட்டன்னு ரெண்டு இடத்துல அனுமதி வேணும். அந்தச் செலவுக்கு நம்ம பட்ஜெட்ல இடமில்ல. அதனால நான் நேர்ல பதிவு பண்றேன்.

மேல சொன்ன பம்பை அப்படி வந்ததுதான். ஆடித் திருவிழாவுக்கு அடிக்கிற ஒரு பெரியவர், பக்கத்து ஊர். ரெண்டு பம்பையையும் இடுப்புல கட்டிக்கிட்டு எங்க ரூம்ல நின்னா, மூணாவது ஆளுக்கு இடமில்ல. அவர் அடிக்கும்போது வர்ற அந்தக் கார்வை எந்த சாம்பிள் பேக்லயும் கிடையாது. மைக்கை முன்னாடி வச்சா அடி மட்டும் விழுந்துச்சு, கார்வை வரல. பின்னால போய்ச் சுவத்தோரமா வச்சப்பதான் ரெண்டும் வந்துச்சு. அவர்கிட்ட பணம் பேசும்போது, "இந்த பீட் ஓடினா உங்களுக்கும் ஒரு பங்கு எழுதிடறேன் தாத்தா"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "பங்கெல்லாம் பங்காளிங்க கூட வச்சுக்கப்பா, எனக்கு ஒரு ராத்திரி ஆட்டத்துக் கூலியைக் கையில குடு"ன்னுட்டார். குடுத்தேன். பத்து வருஷம் கழிச்சு அவர் பேரன் வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சு, வாங்கிக்கிட்டதை எழுதி அவர்கிட்ட கைநாட்டும் வாங்கி, அவர் பேரை கிரெடிட்லயும் போட்டேன். பீட் போடறவன் ராப்பர்கிட்ட நியாயம் பேசும்போது, தன் பீட்டுக்குள்ள வாசிச்சவன் யாருன்னும் பாத்துக்கணும் இல்லையா?

பீட் போடறவன் பேர் வெளியில தெரியாமப் போறதுல கோடம்பாக்கத்துக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு. நம்ம ஊர்ல பேர்னா இசையமைப்பாளர் பேர்தான். அவருக்குக் கீழ கீபோர்டு ப்ரோக்ராமர்னு ஒருத்தர் ராத்திரியெல்லாம் உக்காந்து ரிதம் போட்டிருப்பார், சவுண்டு செதுக்கியிருப்பார், பாட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டுப் போயிடுவார். அந்தப் பழக்கத்துலதான் ராப்பர்களும் நம்மளைப் பாக்குறாங்க, தான் பாட்டுக்காரன், இவன் ப்ரோக்ராமர். அமெரிக்காவுல இருந்து வந்த டேக் பழக்கம் இதுக்கு ஒரு நல்ல மருந்து. பீட் தொடங்கறப்பவே பேரைச் சொல்லிடறது. எங்க பக்கத்துப் பையன் ஒருத்தன் தன் டேக்குக்கு அவன் ஆயாவை விட்டு "எவன்டா பீட்டு போட்டது?"ன்னு கத்த வச்சிருக்கான். பீட்டை விட அது ஹிட்டு.

மிச்சம் இருக்கிறது மேடைக் காசு. ராப்பருக்கு உண்மையில காசு வர்றது ஸ்ட்ரீமிங்ல இல்ல, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல, டிக்கெட் போட்ட நிகழ்ச்சியில. என் பீட்டை பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு ஏறிடுவான், எனக்கு அது இன்ஸ்டா ஸ்டோரியில பாத்தாதான் தெரியும். சட்டப்படி பொது நிகழ்ச்சி நடத்தறவங்க இசைக்கு உரிமம் வாங்கணும், அது ஐபிஆர்எஸ் வழியா இசையமைச்சவனுக்கு வரணும். கோயில் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சட்டமே விலக்கு குடுத்திருக்கு, அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா மத்த மேடைக்கெல்லாம் எங்க மாவட்டத்துல உரிமம் வாங்கித்தான் நடத்துவாங்கன்னு நான் எதிர்பார்த்து உக்காந்திருக்க முடியாது. அதனால ராப்பர்கிட்டயே ஷோவுக்கு இவ்வளவு சதவீதம்னு பேசிடறேன்.

போன மாசம் ஆரணிப் பையன் ஒருத்தனுக்கு அனுப்பின மெசேஜ் இது: "தம்பி, பீட் கூலி 6,000, பாதி முன்னாடி, பாதி ஸ்டெம் (தனித்தனி ட்ராக்) அனுப்பும்போது. இசை என்னோடது, வரி உன்னோடது, ஹூக் மெட்டு நீ போட்டதால இசையில கால் பங்கு உனக்கு. ஒலிப்பதிவு வருமானம் ஆளுக்குப் பாதி, ஏத்தும்போதே பிரிச்சுப் பதியணும். கன்டென்ட் ஐடி ரெண்டு பேரும் பேசித்தான். மேடையில இந்தப் பாட்டு பாடற நிகழ்ச்சிக்கு உன் சம்பளத்துல பத்து சதவீதம் எனக்கு. சினிமாவுக்கோ கம்பெனிக்கோ குடுக்கிறதா இருந்தா ரெண்டு கையெழுத்தும் வேணும். கணக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஸ்க்ரீன்ஷாட் போதும்."

பையன் "மாமாகிட்ட காட்டிட்டு சொல்றேண்ணா"ன்னான். அவன் மாமா பத்திரம் எழுதறவர். ரெண்டே நாள்ல ஸ்டாம்ப் பேப்பர்ல அழகா டைப் அடிச்சு வந்துச்சு, "மேற்படி பீட்டானது"ன்னு ஆரம்பிச்சு. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டிருந்தார், மேடைக்குப் பத்து சதவீதத்தை மட்டும் அடிச்சு அஞ்சுன்னு எழுதியிருந்தார். போன்ல அரை மணி நேரம் பேசினோம். நான் ஏழரைக்கு வந்தேன். ஏழரைங்கிற நம்பர் பத்திரத்துல ஏறக் கூடாது, பையனுக்கு நேரமே சரியில்லன்னு மாமா ஒரே பிடிவாதம். எட்டுல கையெழுத்தாச்சு.